தராசுக்கு முன்னால் ஒரு மேசை

ஜனவரி 11

அன்புள்ள அண்ணனுக்கு,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அண்ணி கொடுக்கிற எண்ணெயைத் தேய்க்காமலே தேய்த்ததாகச் சொல்கிறீர்களாம். எனக்கு எல்லாம் தெரியவரும். நான் நலம்தான், தூக்கம் மட்டும் குறைவு.

இதைப் போனில் கேட்டிருக்கலாம். கடைச் சத்தத்தில் பாதிதான் உங்கள் காதில் விழும், மீதிக்கு நீங்களே பதில் வைத்துக்கொள்வீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

மலைக்குடிப் பெண்களுக்கு ரத்த சோகை எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஓர் ஆய்வு எனக்குக் கிடைத்திருக்கிறது. நாற்பது பேராவது ரத்தம் கொடுக்க வேண்டும். எங்கள் கல்லூரியிலிருந்து ஏற்கெனவே இரண்டு குழு மேலே போய் வெறுங்கையோடு திரும்பிவிட்டது. போன இடமெல்லாம் கதவு சாத்தியே இருந்ததாம். அந்த ஜனம் நம்பி இறங்கி வருகிற ஒரே இடம் உங்கள் கடை.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளக்கிச் சொல்ல வேண்டும். கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். அதற்கென்று ஒப்புதல் தாள் இருக்கிறது. இந்த ஆண்டுக்குள் இதை முடித்தால்தான் என் வேலை நிரந்தரமாகும். செய்து தருவீர்களா?

அண்ணிக்கு என் அன்பு.

உங்கள் தங்கை


ஜனவரி 24

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். முழங்கால் அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது, நான் அதன் இஷ்டத்துக்கு நடக்கிறேன். உன் அண்ணி சௌக்கியம். நீ நேரத்துக்குச் சாப்பிடு, தூக்கம் தானாக வரும்.

நீ கேட்டது பெரிய காரியமில்லை. மாதத்துக்கு ஒரு நாள் அவர்கள் தேனும் மெழுகும் பட்டையும் கொண்டுவருவார்கள். எடை நாள் என்போம். அன்றைக்கு விடியும்போதே கிடங்கு வாசலில் ஐம்பது அறுபது பேர் உட்கார்ந்திருப்பார்கள், பெண்கள்தான் அதிகம். இருபத்திரண்டு வருஷமாக ஒரே தராசு. மற்ற வியாபாரிகளைப் போல அடியில் விரலை வைத்து அழுத்துகிற பழக்கம் எனக்கில்லை. அதனால்தான் வருகிறார்கள், என் முகலட்சணத்துக்காக இல்லை.

அவர்களுக்காகப் பேசுவது ஒரே ஒருத்தி. எல்லோரும் மெழுகுக்காரி என்போம். என் வயசுதான் இருக்கும். அவர்கள் பேச்சில் ‘நீங்க’ கிடையாது. கலெக்டரே வந்தாலும் ‘நீ’தான். முதல் வருஷம் எனக்குச் சுருக்கென்றிருந்தது. இப்போது வேறு யாராவது ‘நீங்க’ என்றால்தான் இவன் எதற்கோ அடி போடுகிறான் என்று தோன்றுகிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அவர்களுக்கு இதில் என்ன கிடைக்கும் என்று நீ எழுதவே இல்லையே. கொடுக்க ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் நான் ஒருநாளும் கடை திறந்ததில்லை.

ஆசிகளுடன்,
அண்ணன்


பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணனுக்கு,

வீட்டில் எல்லோரும் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி.

மூன்று மாதத்துக்கான இரும்புச்சத்து மாத்திரை கொடுப்போம். ஆய்வின் முடிவுகள் உரிய வழியில் தெரிவிக்கப்படும். விளக்கிச் சொல்ல நானே நேரில் வருகிறேன், நீங்கள் மொழிபெயர்த்தால் போதும். அடுத்த எடை நாள் எது என்று எழுதுங்கள்.

நீங்கள் இருக்கும் தைரியத்தில்தான் இதை ஏற்றுக்கொண்டேன்.

தங்கை


மார்ச் 6

அன்புள்ள தங்கச்சிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். காய்ச்சல் என்று ஆய்வகத்து ஆட்கள் சொன்னார்களே, உனக்கு இப்போது தேவலையா? நீ வருவாய் என்று உன் அண்ணி மாடி அறையைக் கழுவி வைத்திருந்தாள். போகட்டும், உடம்பைப் பார்.

காரியம் முடிந்தது. நாற்பது கேட்டாய், நாற்பத்தொன்று கொடுத்திருக்கிறேன். அதுவும் ஒரே காலைப்பொழுதில். உன் ஆட்கள் இருவரும் வாயைப் பிளந்துவிட்டார்கள். மூன்று நாள் ஆகும் என்று பெட்டியில் மாற்றுத் துணியெல்லாம் கொண்டுவந்திருந்தார்கள், பாவம்.

இதில் பெரிய வித்தையொன்றும் இல்லை. கூட்டத்தை நகர்த்தத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஊசி மேசையைக் கிடங்கு வாசலில், தராசுக்கு முன்னால் போடச் சொன்னேன். மேசைக்குப் போய்விட்டுத் தராசுக்கு வர வேண்டியது. கூட்டம் நூல் பிடித்த மாதிரி நகர்ந்தது. ‘ரத்தம் வலுவா இருக்கான்னு பாக்கறாங்க, மாத்திரை குடுப்பாங்க’ என்று தொடக்கத்தில் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னேன். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை, ஒரு முகமும் கோணவில்லை. மெழுகுக்காரி கடைசியாக வந்தாள், அவளும் கொடுத்தாள். தாளில் எல்லோருடைய கைநாட்டும் இருக்கிறது.

உன் வேலை நிரந்தரமானதும் முதல் கடிதம் எனக்கு.

அண்ணன்


மார்ச் 19

அன்புள்ள அண்ணனுக்கு,

காய்ச்சல் போய்விட்டது. அறையைக் கழுவி வைத்த அண்ணியிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாய்கள் ஒன்றுகூட உடையாமல் வந்து சேர்ந்தன. ஒப்புதல் தாள்களும் சரியாக இருக்கின்றன. இந்த உதவியை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

வேலை நிறைய. பிறகு விரிவாக எழுதுகிறேன்.

தங்கை


ஆகஸ்ட் 14

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலமா? மே மாதம் ஒன்று, ஜூன் கடைசியில் ஒன்று என்று எழுதியிருந்தேன். பதில் இல்லை. வேலை நிரந்தரமான சேதியை உன் சிநேகிதி சொல்லித்தான் அண்ணி கேள்விப்பட்டாள். சந்தோஷம். வாயாடி என்று பேர் வாங்கியவள் நீ, அதனால் இந்த மௌனம்தான் எனக்குப் பிடிபடவில்லை.

இப்போது எழுதுவது வேறு விஷயம். இங்கே சாலை முக்கில் பழம் தரம் பிரித்துப் பெட்டி கட்டுகிற கொட்டகை இருக்கிறதல்லவா? மலைக்குடிப் பெண்கள் பதினைந்து இருபது பேர் வருஷக்கணக்காக அங்கே வேலை செய்கிறார்கள். திங்கட்கிழமை அத்தனை பேரையும் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் போய்க் கேட்டேன். மேற்பார்வையாளன் ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்து நீட்டினான். ‘மலையடிவாரச் சந்தைக்கு வரும் பழங்குடிப் பெண்களில் ஐந்தில் ஒருவருக்குக் கல்லீரலைத் தின்னும் கிருமி.’ கீழே உன் கல்லூரியின் பெயர். உள்ளே நம் ஊர்ப் பெயரும், நாற்பத்தொன்றில் ஒன்பது என்று எண்ணிக்கையும்.

“பழத்த வாயில வைக்கறவன் என்ன பண்ணுவான், நீங்களே சொல்லுங்க” என்றான்.

அந்தப் பெண்கள் என் பின்னாலேயே நின்றிருந்தார்கள். தங்கள் உடம்பில் ஒரு வியாதி இருக்கிறது என்பதை அந்தக் கொட்டகை வாசலில், அவன் வாயால்தான் முதல்முதலாகக் கேட்டார்கள்.

நீ ரத்த சோகை என்றுதானே சொன்னாய்? நான் அதைத்தானே அவர்களிடம் சொன்னேன்? இது எங்கிருந்து வந்தது?

உடனே பதில் எழுது.

அண்ணன்


செப்டம்பர் 1

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்களும் அண்ணியும் நலம் என்று நம்புகிறேன்.

நடந்ததற்கு வருந்துகிறேன். ரத்த சோகைப் பரிசோதனைக்குக் கொஞ்சம் ரத்தம் போதும். மிச்சம் இருந்ததில் கல்லீரல் கிருமியையும் பார்த்தோம். எதிர்கால ஆய்வுக்குப் பயன்படுத்தலாம் என்று ஒப்புதல் தாளின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. கட்டுரையில் ஊர்ப் பெயர் போடவில்லை. சந்தை என்று மட்டும்தான் எழுதினோம், பத்திரிகைக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அந்தக் கிருமி பழத்தைத் தொடுவதால் ஒட்டாது. ரத்தத்தின் மூலமும், உடலுறவு மூலமும், பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கும்தான் போகும். இதை அந்தக் கொட்டகைக்குச் சொல்லலாம்.

ஒன்பது பேர் யார் என்று நீங்கள் கேட்பீர்கள். எங்களிடம் இல்லை. பெயரை எடுத்துவிட்டு எண் போட்டோம். ஆய்வு முடிந்ததும் பெயர்ப் பட்டியலை அழித்துவிட வேண்டும் என்பது விதி. அவர்களுடைய பாதுகாப்புக்காக.

முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை


செப்டம்பர் 12

தங்கச்சிக்கு,

உடம்பு சௌக்கியமா என்று கேட்டு எழுதுவதுதான் வழக்கம். கேட்டதாக வைத்துக்கொள்.

இரண்டாம் பக்கத்தில் ஒரு வரியா? எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் இரண்டாம் பக்கம்! சின்ன எழுத்தில் ஒரு வரியைப் போட்டு மற்றவன் தலையில் கட்டுவதெல்லாம் எங்கள் சந்தையில்தான் நடக்கும் என்று நினைத்திருந்தேன். பெயரை அழித்தது அவர்கள் பாதுகாப்புக்கு என்கிறாய். ஒன்பது பேருக்கு வியாதி, யார் என்று அவர்களுக்கே தெரியாது. இது யாருக்குப் பாதுகாப்பு?

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. கோபப்படுகிற தகுதி எனக்கில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கொட்டகை விவகாரம் நடந்த வாரமே வீட்டுக்கு ஒரு கம்பளி என்று மேலே அனுப்பினேன். வியாபாரி புத்தி, எதையாவது கொடுத்தால் சரியாகிவிடும் என்று. மூன்றாம் நாள் காலையில் கிடங்கைத் திறந்தால் அத்தனையும் படியில் இருந்தன. பிரிக்கவே இல்லை. நான் கட்டிய கட்டோடு அப்படியே அடுக்கியிருந்தார்கள்.

எடை நாளுக்கு வரமாட்டார்கள் என்று பயந்தேன். வந்தார்கள். சரக்கை வைத்தார்கள், காசை எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு பேச்சில்லை, ஒரு கிண்டலில்லை. என் தொப்பையைப் பற்றி அவர்கள் ஏதாவது சொல்லாமல் ஓர் எடை நாள் போனதே கிடையாது. அன்றைக்குப் போனது.

மெழுகுக்காரியை மட்டும் நிறுத்தினேன். மன்னிச்சிக்கோ என்று ஆரம்பித்தேன். அவள் என்னை முடிக்க விடவில்லை.

“அன்னிக்கு நான் ஒண்ணு கேட்டேன். ஞாபகம் இருக்கா?” என்றாள்.

இருந்தது. மார்ச் மாதக் கடிதத்தில் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை என்று உனக்கு எழுதினேன். அது பொய். அவள் கேட்டாள். மேசைக்கு முன்னால் வந்து நின்று, தராசைப் பார்த்து, என்னைப் பார்த்து, “இத முடிச்சாத்தான் அதுவா?” என்று கேட்டாள். இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொன்னால் பாதிப்பேர் மேசையை விட்டு நேராகத் தராசுக்குப் போயிருப்பார்கள், எனக்குத் தெரியும். ஆமாம் என்றும் நான் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே, “சீக்கிரம் ஆகட்டும், வெயில் ஏறுது” என்றேன்.

மேசையை நான் தெரியாமல் அங்கே போடவில்லை. சரக்கை விற்க முடியாமல் திரும்பினால் ஒரு மாதம் அடுப்பு எரியாது என்று எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷமாகத் தராசில் விரல் வைக்காதவன் என்று பீற்றிக்கொண்டேனே, அன்றைக்கு முழுக் கையையும் வைத்தேன்.

இனி செய்ய வேண்டியதைச் சொல். அந்த ஒன்பது பேரைக் கண்டுபிடிக்க வேண்டும்.

அண்ணன்


அக்டோபர் 20

தங்கச்சிக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீ எப்படி என்று தெரியவில்லை. ஐந்து வாரமாகப் பதில் இல்லை. போன் அடித்தாலும் எடுப்பதில்லை.

உங்கள் கல்லூரியில் ஆய்வு நெறிக்குழு என்று ஒன்று இருக்கிறதாமே, அதற்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். மேசை, தராசு, அவள் கேட்டது, நான் சொன்னது, எல்லாம் இருக்கிறது. உன்னைப் பற்றியும் ஒரு வரி இருக்கிறது: அன்றைக்கு நீ இங்கே இல்லை. ஆனால் ‘என் முன்னிலையில் விளக்கப்பட்டது’ என்று நாற்பத்தொரு தாளிலும் உன் கையெழுத்து இருக்கிறது என்று, உன்னை விசாரித்துப் போன் செய்தபோது உன் ஆட்கள் பேச்சுவாக்கில் சொன்னார்கள். இது போனால் உன் வேலை என்ன ஆகும் என்று தெரியாத மடையன் இல்லை நான். அதனால்தான் தபாலில் போடாமல் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

அப்பா போனபோது நீ ஆறாம் வகுப்பு. அன்றிலிருந்து உனக்கு நல்லது எதுவோ அதை மட்டும் பார்த்து நடந்தேன். அந்தப் பழக்கத்தில்தான் மேசையையும் போட்டேன். இப்போது அதே பழக்கம் இந்தக் கடிதத்தையும் உள்ளேயே வைத்திருக்கிறது.

மாதக் கடைசி வரை பார்ப்பேன்.

அண்ணன்


அக்டோபர் 29

அன்புள்ள அண்ணனுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத முடியவில்லை, அவ்வளவுதான். உங்கள் செப்டம்பர் கடிதத்துக்கு நான்கு பதில் எழுதிக் கிழித்தேன். நான்கிலும் நான் நல்லவளாகவே இருந்தேன்.

நீங்கள் ஒரு கேள்வியை மறைத்தீர்கள். நான் ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. ‘தராசுக்கு முன்னால்’ என்று மார்ச்சில் எழுதினீர்கள் அல்லவா? அந்த வரியை மூன்று தடவை படித்தேன். அப்படிச் செய்யக் கூடாது என்று மாணவர்களுக்கு வகுப்பெடுக்கிறவள் நான். அண்ணா, அவர்கள் வேண்டாம் என்று சொல்லியிருக்க முடியுமா என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். நாற்பத்தொரு குழாயும் அப்போது என் குளிர்பெட்டியில் இருந்தன. கேட்கவில்லை. உங்களுக்கு நன்றி எழுதிவிட்டு, தாள்களில் கையெழுத்துப் போட உட்கார்ந்தேன். பேனா கூட நிற்கவில்லை.

எனக்குக் காய்ச்சலும் இல்லை. அன்றைக்கு இன்னொரு ஊரில் ஒரு கருத்தரங்கில் பேச வாய்ப்பு வந்தது. பழங்குடி மக்களிடம் ஆய்வு செய்யும் முறை பற்றி.

உங்கள் கடிதத்தை அனுப்ப வேண்டாம். என்னைக் காப்பாற்ற அல்ல. போன வெள்ளிக்கிழமை நானே குழுவின் முன்னால் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம். விசாரணை முடியும் வரை வகுப்புக்குப் போகக் கூடாது என்று உத்தரவு. அது முடிந்தாலும் இந்த வேலை இருக்கும் என்று தோன்றவில்லை.

அந்த ஒன்பது பேரைக் கண்டுபிடிக்க ஒரே வழி, எல்லோரிடமும் மறுபடி கேட்பதுதான். அரசு ஆஸ்பத்திரி மருத்துவர் ஒருவர் உடன் வரச் சம்மதித்திருக்கிறார். வைத்தியம் முழுக்க அவர்கள் பொறுப்பு. ஆய்வு ஏதும் இல்லை, மிச்சம் எதையும் வைத்துக்கொள்ள மாட்டோம். நவம்பர் கடைசியில் வருகிறேன். கடைக்கு அல்ல, மேலே. அவர்கள் வரச் சொன்னால்.

வரலாமா என்று அவர்களிடம் கேட்டு எழுதுங்கள். என்ன சொன்னாலும் அப்படியே எழுதுங்கள்.

தங்கை


நவம்பர் 9

அன்புள்ள தங்கச்சிக்கு,

சௌக்கியமாக இரு. வேலை போனால் போகட்டும் என்று எழுத வந்தது, ஆனால் அது லேசாகச் சொல்கிற வார்த்தை. நீ எவ்வளவு படித்தாய் என்று எனக்குத் தெரியும்.

கேட்டேன். மெழுகுக்காரி இரண்டு நாள் கழித்து இறங்கி வந்து பதில் சொன்னாள். “வரட்டும். வந்து உக்காரட்டும். நாங்க கேக்கறதுக்கெல்லாம் பதில் சொல்லட்டும். அப்புறம் யோசிப்போம்.” மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.

நல்ல செருப்பாகப் போட்டுக்கொண்டு வா.

அண்ணன்


ஜனவரி 17

அன்புள்ள தங்கச்சிக்கு,

போய்ச் சேர்ந்த கடிதம் கிடைத்தது. காலில் கொப்புளம் ஆறிவிட்டதா? அண்ணி தினமும் கேட்கிறாள். மேலே நான்கு நாள் தரையில் உட்கார்ந்து நீ பதில் சொன்னதை அவளுக்கு நடித்தே காட்டிவிட்டேன். ‘உன் ரத்தத்த நாங்க கேட்டா குடுப்பியா’ என்று அந்தப் பெண் கேட்டதும் நீ கையை நீட்டினாயே, அந்த இடத்தில் மட்டும் எனக்கு நடிக்க வரவில்லை.

நீ கேட்ட விவரம். மறுபடி ரத்தம் கொடுத்த முப்பத்துமூன்று பேருக்கும் முடிவு வந்துவிட்டது. மருத்துவர் ஒவ்வொருத்தியையும் தனியாக உட்காரவைத்துச் சொன்னார். வியாதி ஏழு பேருக்கு. மூன்று பேருக்கு மாத்திரை தொடங்கியாகிவிட்டது, மற்ற நாலு பேரும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதுமாம். குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிறார்கள். கொட்டகையில் பதினொரு பேரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், மற்றவர்களை இல்லை.

ஏழுதான். ஒன்பது இல்லை. மீதி இரண்டு பேர், வேண்டாம் என்று எழுந்துபோன எட்டுப் பேரில் இருக்கிறார்கள். மெழுகுக்காரி அந்த எட்டில் ஒருத்தி.

போன செவ்வாய்க்கிழமை மேலே ஏறினேன். முழங்கால் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் வீட்டுக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. ஒரே அறை. மூங்கில் பரணில் மெழுகு அடைகள் அடுக்கியிருந்தன. உள்ளே தேன் வாசனை. பாய் போட்டு உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். எனக்குத் தெரிந்த விதத்திலெல்லாம் பேசிப் பார்த்தேன். உனக்கு இருந்தால் இப்போதே மருந்து சாப்பிடலாம், தள்ளிப்போட்டால் கல்லீரல் போய்விடும், யாருக்காகவும் வேண்டாம், உனக்காகச் செய் என்றேன். முழுக்கக் கேட்டாள்.

“உன் கடை வாசல்ல கேட்டப்ப என்னால மாட்டேன்னு சொல்ல முடியல” என்றாள். “இப்ப என் வீட்டுல வந்து கேக்கற. முடியுது. மாட்டேன்.”

“செத்துப் போயிடுவ” என்றேன். அப்படியே சொல்லிவிட்டேன்.

“போவேன். அது என் சாவு.”

இறங்கும்போது என்ன நினைத்தேன் என்று உன்னிடம் மறைக்கப் போவதில்லை. அந்த எட்டுப் பேரின் சரக்கை இரண்டு எடை நாள் வாங்காமல் இருந்தால் போதும். காரணம் கூடச் சொல்ல வேண்டாம். எட்டுப் பேரும் கையை நீட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள், இரண்டு உயிர் பிழைக்கும். அதை எப்படிச் செய்வது என்று முழுசாகக் கணக்குப் போட்டபடிதான் இறங்கினேன், தங்கச்சி. பாதி வழியில்தான் எனக்கே உறைத்தது. செய்யவில்லை. செய்யாததும் சரிதானா என்று தெரியவில்லை. உனக்குத் தெரிந்தாலும் எழுதாதே.

நேற்று எடை நாள். எட்டுப் பேரும் வந்தார்கள். யார் யாரென்று தெரிந்தபின் அவர்கள் முகத்தைத் தவிர வேறெதையும் பார்க்க முடியவில்லை. கண்ணின் வெள்ளை மஞ்சளாகிறதா என்று தேடுகிறேன். மெழுகை வைத்துவிட்டு நிமிர்ந்தவள் என்னைப் பிடித்துவிட்டாள்.

“என்ன பாக்கற?”

“ஒண்ணுமில்ல” என்றேன்.

“பாரு” என்றாள். “பாக்கறதுக்கு மட்டுந்தான் இது வரைக்கும் யாரும் கைநாட்டு வாங்கல.”

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஆகஸ்டுக்குப் பிறகு கிடங்கில் கேட்ட முதல் சிரிப்பு. நானும் சிரித்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு எடையைப் பார்த்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்